மரப் பாலம் எங்கே உளுத்துப்போகும்?

பள்ளிகொண்டாவில் எங்கள் தாத்தா வீட்டு ஓட்டுக்கூரையைப் பிரித்தபோது, ஆசாரி ஒவ்வொரு உத்திரத்தையும் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார். நடுவில் கணீர் என்றது. சுவருக்குள் செருகியிருந்த முனையில் சொத்தென்று கேட்டது. உளியை வைத்ததும் கையகலத்துக்கு மரம் மாவாக உதிர்ந்தது. "மரம் கெடல தம்பி. காத்து போவாத எடத்துல தண்ணி தங்கிடுச்சி, அவ்ளோதான். முனைய அறுத்துட்டு ஒட்டு போட்டா இன்னும் அம்பது வருசம் நிக்கும்" என்றார்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், நூறு வயதைத் தாண்டிய மரப் பாலங்கள் இன்றும் வண்டிகளைத் தாங்குகின்றன. அவற்றின் கட்டுமானத்தைப் படிக்கப் படிக்க, அந்த ஆசாரியின் பேச்சுக்கு விளக்கவுரை படிப்பதுபோலவே இருந்தது எனக்கு.

19ஆம் நூற்றாண்டில் அங்கே இரும்பு கப்பலில் வர வேண்டும், விலை அதிகம். மரமோ காட்டில் நின்றது. அயர்ன்பார்க் என்ற அந்த மரம் நம்மூர் தைலமரத்துக்குப் பங்காளி. ஒரு கன அடி தேக்கு சுமார் 18 கிலோ இருக்கும் என்றால், ஒரு கன அடி அயர்ன்பார்க் சுமார் 31 கிலோ. தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும். அந்த மரத்தை வைத்து அந்த மாநிலத்தில், சட்டங்களை முக்கோணங்களாகக் கோத்த சட்டகப் பாலங்கள் 400க்கும் மேல் எழுந்தன.

வெறும் உத்திரங்களைப் போட்டுப் பாலம் கட்டினால், தூண்களை நெருக்கமாக வைக்க வேண்டும். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டதைப் பார்த்தவர்களுக்கு அதன் ஆபத்து தெரியும். வெள்ளம் தனியாக வராது. வேரோடு மரங்களையும் இழுத்துவரும். தூண்கள் நெருக்கமாக இருந்தால் அவை அங்கே சிக்கி அணைபோல் அடைத்துக்கொள்ளும். எனவே தூண்களை விலக்கி வைக்க வேண்டும். அதற்குத்தான் முக்கோணச் சட்டகம். நாலு குச்சிகளைச் சதுரமாகக் கட்டி அழுத்தினால் கோணிப்போகும். மூன்றைக் கட்டினால் அசையாது. முக்கோணங்களை வரிசையாகக் கோத்தால் பாரம் முழுவதும் இழுவையாகவும் அழுத்தமாகவும் பிரிந்துவிடும். மேல் சட்டம் அழுந்தும், கீழ்ச் சட்டம் இழுபடும்.

சிக்கல் மூட்டில்தான். மரம் நார் வாக்கில் இழுவையை நன்றாகவே தாங்கும். ஆனால் இரண்டு மரங்களைச் சேர்க்கத் துளை போட்டுக் கழுந்து செருகிய இடத்தில், இழுத்தால் பிளந்துவிடும். அழுத்தினாலோ இரண்டும் ஒன்றையொன்று இன்னும் இறுக்கிக்கொள்ளும். ஆகவே சாய்வுச் சட்டங்கள் அழுந்தும்படியும், இழுபடும் செங்குத்து உறுப்புகள் இரும்புக் கம்பியாக இருக்கும்படியும் வைத்தார்கள். கம்பியின் முனையில் மரை, அதில் ஒரு நட்டு. அந்த நட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பச்சை மரம் காயும்போது நீள வாக்கில் சுருங்குவது கண்ணுக்கே தெரியாது. குறுக்கு வாக்கில் நூற்றுக்கு 5 பங்குக்கு மேலும் சுருங்கும். ஐப்பசி மழையில் இறுகிக்கொள்ளும் கதவு, வேலூர் சித்திரை வெயிலில் லொடலொடவென்று ஆடுவதும் இதனால்தான். பாலத்தில் அப்படி மூட்டு தளர்ந்தால் நட்டை முறுக்கி இறுக்கிவிடலாம்.

1893இல் பெர்சி ஆலன் என்ற அரசுப் பொறியாளர் செய்த மாற்றம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே கனத்த கட்டையைப் போடாமல், இரண்டு மெல்லிய சட்டங்களை நடுவில் இடைவெளி விட்டு இணையாக வைத்தார். பெரிய கட்டைகளைத் தேடி அலைய வேண்டாம். இடைவெளியில் காற்று போகும், வர்ணம் பூசக் கை நுழையும். மரத்தை உளுக்க வைக்கும் பூஞ்சைக்கு மரத்தின் எடையில் ஏறக்குறைய 20 சதவீத ஈரமாவது வேண்டும். காற்றோட்டம் உள்ள மரத்தில் மழைநீர் சீக்கிரம் காய்ந்துவிடும். அப்படியும் ஒரு சட்டம் கெட்டுப்போனால், முட்டுக் கொடுத்து அதை மட்டும் கழற்றி வேறு மாட்டலாம், பாலத்தையே பிரிக்க வேண்டியதில்லை. நம் கோயில் தேரில் சக்கரம் ஒரு வருடம், அச்சு இன்னொரு வருடம் என்று மாற்றிக்கொண்டே போவோம். ஆனாலும் அது அதே தேர்தான்.

பராமரிப்பு விட்டுப்போனால் எந்த வடிவமைப்பும் காப்பாற்றாது. அதே மாநிலத்தின் வாகா வாகா நகரில் 1895இல் திறந்த ஆலன் பாணி ஹாம்ப்டன் பாலத்தில், தூணுக்குத் தூண் 110 அடி. பக்கத்தில் புதுப் பாலம் வந்ததும் 1995இல் அதை வண்டிகளுக்கு மூடினார்கள். மரம் சிதைந்துகொண்டே போய், 2014இல் இடித்துவிட்டார்கள். அந்தச் செய்தி எனக்கு வருத்தமாகவே இருந்தது.

ஆலன் வடிவமைத்த இன்னொன்று, சிட்னியில் 1902இல் திறந்த பிர்மான்ட் பாலம். கப்பலுக்கு வழிவிட, நடுவில் உள்ள எஃகுப் பகுதி மின்சாரத்தால் சுழலும். மொத்தம் 14 கண்களில், சுழலும் அந்த இரண்டு போக மற்ற 12ம் அயர்ன்பார்க் மரம். 1981இல் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். இப்போது அதன்மேல் மக்கள் நடக்கிறார்கள். வேலைக்கும் படிப்புக்கும் அங்கே போயிருக்கும் நம்மூர்ப் பிள்ளைகள் அதைக் கடக்கும்போது, ஒருமுறை படி இறங்கித் துறையில் நின்று அண்ணாந்து பாருங்கள். தளத்துக்கு அடியில் முக்கோணம் முக்கோணமாக அந்த மரச் சட்டங்கள் தெரியும்.