பந்தை விட்ட பிறகும் தள்ளுகிற கை

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எட்டாவது படிக்கும் என் மகளின் ஆன்லைன் வகுப்பில் பாடமே நடத்துவதில்லை. நீயே தேடு, நீயே செய்து பார், குழுவில் பேசு என்கிறார்கள். காசு வாங்கிக்கொண்டு பிள்ளையைத் தனியே விடுவதுதான் நவீன முறையா?" கோபம் நியாயமானது. ஆனால் அந்த முறைக்கு அடியில் இருக்கும் விஷயம் எனக்கு மிகவும் பிடித்தமானது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இதற்குப் பெயர் கன்ஸ்ட்ரக்டிவிசம், அதாவது அறிவைப் பிள்ளை தானே கட்டிக்கொள்கிறது என்னும் கருத்து. பி.எட். படித்தவர்களுக்கு பியாஜே, வைகாட்ஸ்கி என்ற உளவியலாளர்கள் எல்லாம் மனப்பாடம், அங்கே நிற்க வேண்டாம். குழந்தை எந்தப் புது விஷயத்தையும் தனக்கு ஏற்கெனவே தெரிந்ததோடு சேர்த்துத்தான் புரிந்துகொள்கிறது. பொருந்தினால் பழையதன் மேல் அடுக்கிக்கொள்ளும். பொருந்தாவிட்டால் பழையதைக் கலைத்துக் கட்டியாக வேண்டும், அந்த வேலையை வேறு யாரும் செய்து கொடுக்க முடியாது.

போன மாதம் ஒரு ஞாயிறு சாயங்காலம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் எங்கள் தெருப் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் ஒன்பதாம் வகுப்பு, நியூட்டன் விதிகளை வீடியோவில் பார்த்துவிட்டு மூன்றையும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பான். பந்தை நேராக மேலே எறியச் சொல்லி, கையை விட்ட பிறகு அதன் மேல் என்னென்ன விசை இருக்கிறது என்று கேட்டேன். "ஈர்ப்பு விசை கீழ இழுக்குது, கை குடுத்த விசை மேல தள்ளுதுண்ணா. கை விசை கொஞ்சம் கொஞ்சமா தீர்ந்துடும், உச்சியில ரெண்டும் சமம், அப்புறம் கீழ வந்துடும்" என்றான்.

தவறான பதில். கையை விட்ட கணத்திலேயே கையின் வேலை முடிந்துவிட்டது. காற்றுத் தடையை ஒதுக்கிவிட்டால் பந்தின் மேல் இருப்பது ஈர்ப்பு விசை மட்டும்தான், ஏறும்போதும் உச்சியிலும் இறங்கும்போதும் ஒரே அளவு. இதை நான் சொல்லியிருந்தால் "ஆமாண்ணா" என்று தலையாட்டிவிட்டு ஆடப் போயிருப்பான். "அப்போ மேல போற பந்தை உன் கை எப்படித் தொடுது?" என்று மட்டும் கேட்டேன். பதில் இல்லை, தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் கரையேற்றியிருந்த ஒரு படகில் போனைச் சாய்த்துவைத்து ஸ்லோ மோஷனில் எடுத்தோம். சமமான நேர இடைவெளியில் நிறுத்தி நிறுத்தி, பந்து எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று திரையில் அளந்து மணலில் கோடு போட்டான். ஏற ஏற, கோடுகளின் நீளம் ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்துகொண்டே வந்தது, இறங்கும்போது அதே அளவில் கூடிக்கொண்டே போனது. "எங்கயுமே மாறலையே" என்றான். எது மாறவில்லை என்றேன். "இழுக்கிறது."

கை விசை வழியில் தீர்ந்துபோவது உண்மையானால் அந்தக் குறைவு இப்படி ஒரே சீராக இருக்காது என்பதை அடுத்த அரை மணி நேரத்தில் அவனே வாதாடிப் பிடித்தான். நடுவில் இருமுறை தப்பான பக்கம் போனான், நான் திருப்பிவிட வேண்டியிருந்தது.

சரி, வீடியோவில் ஏன் இது நடக்கவில்லை? வெரிட்டாசியம் யூடியூப் சேனலை நடத்தும் டெரெக் முல்லர், சிட்னி பல்கலைக்கழகத்தில் 2008இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வு இதைப் பற்றியதுதான். இயற்பியலைத் தெளிவாக விளக்கிய வீடியோவை மாணவர்கள் பாராட்டினார்கள். ஆனால் மதிப்பெண் கிட்டத்தட்ட அசையவே இல்லை, தங்கள் பதில் சரி என்ற நம்பிக்கை மட்டும் கூடியிருந்தது. தவறான கருத்தை முதலில் ஒருவர் பேசி, அது ஏன் தவறு என்று உரையாடும் வீடியோவைக் குழப்புகிறது என்றார்கள், அதைப் பார்த்தவர்களின் மதிப்பெண்தான் ஏறக்குறைய இரட்டிப்பானது. தெளிவான பாடத்தில் காது தனக்குத் தெரிந்ததையே கேட்டுக்கொள்கிறது, மோதல் நடப்பதே இல்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடலாமா? கூடாது. 2006இல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற கல்வி உளவியலாளர்கள் மூவரும் இதை எதிர்த்து எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. மனம் ஒரே சமயத்தில் ஏந்தக்கூடிய புது விஷயங்கள் மிகக் கொஞ்சம், தேடுவதிலேயே அந்த இடம் நிரம்பிவிட்டால் கற்க இடம் மிஞ்சாது. அடிப்படை தெரிந்தவருக்குத் தேடல் உதவும், புதிதாக வருபவருக்கு முதலில் ஒரு கணக்கைப் போட்டுக் காட்ட வேண்டும். ஆன்லைனில் சிக்கல் இன்னும் பெரிது. வகுப்பறையில் பிள்ளை முழிப்பது ஆசிரியர் கண்ணில் படும், இங்கே கேமரா அணைந்திருக்கும். குழு விவாதத்தில் நான்கு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் கட்டைவிரலைத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இன்னொரு பக்கம், நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வைமன் 2002இல் தொடங்கிய, சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்கும் ஃபெட் தளத்தில் ஒரு பிள்ளை வேகத்தையும் கோணத்தையும் மாற்றி மாற்றி நூறு தடவை குண்டு எறிந்து பார்க்கலாம், காசும் கிடையாது. எந்தப் பள்ளி ஆய்வகமும் அதைத் தராது.

இந்த வாதத்தில் நம் புதுச்சேரிக்கும் பங்கு உண்டு. கல்வி ஆய்வாளர் சுகதா மித்ரா சுனாமி தாக்கிய காளிக்குப்பத்தில் ஒரு கணினியை வைத்து, தமிழ்ப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் உள்ள மூலக்கூறு உயிரியலைத் தாங்களே கற்க முடியுமா என்று பார்த்தார். பூஜ்ஜியத்தில் இருந்தவர்கள் சுமார் 30 சதவீதம் எடுத்தார்கள் என்று தன் உரையில் சொல்கிறார். அதற்கு மேல் ஏறியது, பாடம் தெரியாத ஒரு இளம்பெண் பின்னால் நின்று "அட, எப்படிக் கண்டுபிடிச்சீங்க, அடுத்து என்ன?" என்று கேட்கத் தொடங்கிய பிறகுதான்: 50 சதவீதம். ஆய்வு சிறியது, விமர்சனங்களும் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது அந்தப் பெண்தான்.

எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. சூரிய கிரகணம் நிலவின் நிழல் என்று பரீட்சையில் எழுதும் பிள்ளை, அன்றைக்குக் கர்ப்பிணி அக்காவை வெளியே விடாமல் தடுக்கிறது. இரண்டும் ஒரே தலைக்குள் மோதாமல் கிடக்கின்றன. டேப்லெட் வாங்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை, நம் பிள்ளைகள் எதை எப்படித் தவறாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள் என்று தமிழில் கேட்டுத் தொகுக்கும் ஆய்வுக்குக் கொடுக்க வேண்டும்.

நெல்லிக்குப்பம் சகோதரி, அந்த வகுப்பு நடத்துபவர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: என் மகளின் தப்பான பதிலை யார் படிக்கிறார்கள், எப்போது? ஆள் இல்லை என்றால் பணத்தை மிச்சம் பிடியுங்கள். ஆள் இருந்தால் தொடருங்கள். வீட்டில், வீடியோவை ஓட்டும் முன் "என்ன ஆகும்னு நினைக்கிற?" என்று கேட்டு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பார்த்து முடித்ததும் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திறந்து, "நீ எழுதினது நடந்துச்சா?" என்று கேளுங்கள். உங்களுக்கு அறிவியல் தெரிய வேண்டியதில்லை, காளிக்குப்பத்துப் பெண்ணுக்கும் தெரியாது.