படிவுக்குட்டை: ஒரு சொல் விளக்கம்

நிலக்கரிச் சுரங்க அறிக்கைகளில் ‘செடிமென்டேஷன் பாண்ட்’ என்ற சொல் அடிக்கடி வரும். மேல்மண்ணை வழித்தெடுத்த நிலத்திலும், தோண்டிக் கொட்டிய மண்மேட்டிலும் மழை பெய்தால் தண்ணீர் சேறாகத்தான் ஓடிவரும். அது ஓடையில் கலக்கும் முன் தேக்கி, மண்ணை அடியில் தங்கவிட்டு, தெளிந்த நீரை வெளியே விடும் பள்ளம்தான் இது. தமிழில் வண்டல் குளம், வண்டல் தொட்டி, படிவுக் குளம் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். நான் படிவுக்குட்டை என்றே எழுதுவேன்.

செடிமென்ட் என்பதன் வேர் லத்தீன் மொழியின் ‘செதேரே’. உட்காருதல் என்று பொருள். தமிழில் அந்த வேலையைச் செய்யும் வினை ‘படி’. தூசி படிகிறது, கறை படிகிறது, நெடுநேரம் பேசியபின் பேரமும் படிகிறது. அலைந்தது அடங்கி ஓரிடத்தில் நிற்பது என்ற கருத்து எல்லாவற்றிலும் உண்டு. பாடநூலில் படிவுப் பாறை என்று ஏற்கெனவே படித்தும் விட்டோம். வண்டல் என்றால் மனம் விளைச்சல் மண்ணை நினைக்கும். சுரங்கச் சேற்றுக்கு அந்தப் பெயரைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

தொட்டி என்றால் கட்டிய சுவர் வேண்டும். குளம் என்றால் தண்ணீரைச் சேர்த்து வைக்கும் இடம். இங்கே சேர்த்து வைப்பது மண்ணை. மற்ற குளம் தூர்ந்தால் அது கேடு; இது தூர்வதற்காகவே வெட்டப்படுகிறது, தூர் வாரி மறுபடி பயன்படுத்தப்படுகிறது. பண்ணைக்குட்டை என்ற சொல் வழக்கில் இருப்பதால் குட்டை இயல்பாகவே பொருந்துகிறது.

சரி, சொல்லில் இவ்வளவு நுணுக்கம் எதற்கு? படிவு என்று சொன்னதுமே ‘இந்த மண் படியுமா?’ என்ற கேள்வி எழுகிறது. மண்ணாய்வு தொடங்க வேண்டியது அங்கேதான்.

1851இல் இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் தந்த விதிப்படி, துகளின் விட்டம் பாதியானால் படியும் வேகம் நான்கில் ஒன்றாகும். அசையாத நீரில் 0.1 மில்லிமீட்டர் மணல் ஒரு மீட்டர் இறங்க ஏறக்குறைய 2 நிமிடம் போதும். 0.01 மில்லிமீட்டர் துகளுக்கு 3 மணி நேரம். 0.002 மில்லிமீட்டர் களித்துகளுக்கு 3 நாளுக்கும் மேல். ஆகவே அந்த நிலத்து மண்ணில் எந்தத் துகள் எவ்வளவு என்று தெரியாமல் குட்டையின் நீள அகலத்தைக் குறிப்பது வெறும் ஊகம்.

அதைவிட முக்கியமாக நான் கருதுவது ஒரு சின்னச் சோதனை. பட்டாணி அளவு மண்கட்டியை எடுத்து, காய்ச்சி வடித்த நீர் உள்ள கிண்ணத்தில் மெதுவாக இட வேண்டும். கலக்கக் கூடாது. கட்டி உதிர்ந்து அடியில் குவியலாகக் கிடந்து, மேலே நீர் தெளிவாகவே இருந்தால் பெரிய கவலை இல்லை. கட்டியைச் சுற்றிப் பால் போன்ற கலங்கல் புகையாகக் கிளம்பிப் பரவினால், அது பிரிந்து கலையும் களிமண். பெரும்பாலும் சோடியம் மிகுந்ததால் வரும் குணம் இது. துகள்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் நாள்கணக்கில் படியாது. அதே மண்ணில் கரை போட்டாலோ இன்னும் ஆபத்து: கசியும் நீர் கரைக்குள் மண்ணை அரித்துத் துளை போட்டுவிடும். ஜிப்சம் கலந்தால் அதிலுள்ள கால்சியம் சோடியத்தின் இடத்தைப் பிடிக்கும், மண் ஓரளவு கட்டுப்படும்.

அப்புறம் இடம். குட்டை, தோண்டிக் கலைத்த சுரங்க நிலத்துக்குத் தாழ்வாக, அதற்கு முடிந்தவரை அருகில் இருக்க வேண்டும். ஆனால் வற்றாத ஓடையின் நடுவே கூடாது. சோதனைக் குழி வெட்டிப் பாறை எந்த ஆழத்தில், நிலத்தடி நீர் எந்த ஆழத்தில், அடிமண் எவ்வளவு கசியும் என்று பார்ப்பார்கள். கீழே பழைய சுரங்க வெற்றிடம் இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுவதே நல்லது. நிலம் அமிழ்ந்தால் கரையும் சேர்ந்து போகும். பெருமழை நீர் கரையைத் தாண்டாமல் வெளியேறும் வழிக்குக் கலிங்கு என்ற நல்ல சொல் ஏரிகளிலிருந்தே கிடைக்கிறது. தூர் வாரும் இயந்திரம் வந்துபோகப் பாதையும் வேண்டும்.

நிலக்கரித் தூளுக்கு இன்னொரு சிக்கல். சாதாரண மண்துகளின் அடர்த்தி நீரைப்போல் 2.65 மடங்கு, நிலக்கரிக்குப் பெரும்பாலும் 1.3 முதல் 1.5 வரைதான். அதே அளவுத் துகள் என்றாலும் படிய ஏறக்குறைய மூன்று முதல் ஐந்தரை மடங்கு நேரம் எடுக்கும். அப்படிப்பட்ட இடங்களில் துகள்களைத் திரட்டிக் கனமாக்கும் மருந்தை நீரில் சேர்ப்பார்கள். ஆங்கிலத்தில் அது ஃபிளாக்குலன்ட். கலங்கிய நீரைத் தெளியவைப்பதைத் தமிழில் தேற்றுதல் என்பார்கள். தேற்றாங்கொட்டையின் பெயரிலும் அந்த வினைதான் இருக்கிறது. அந்த மருந்தைத் ‘தேற்றி’ என்றே எழுதலாம்.