உங்கள் அப்பாவுக்குக் கூட்டாளி உண்டா?

கோத்தகிரிப் பக்கம் என் கிளினிக்குக்கு பிரஷர், சுகர் பார்க்க வருகிற பெரியவர்களிடம் மாத்திரைக் கணக்கு முடிந்ததும் கேட்பேன்: "பேச்சுத் துணைக்கு யார் இருக்காங்க?" பெண்கள் பக்கத்து வீட்டில் ஆரம்பித்து ஒரு பட்டியலே சொல்வார்கள். ஆண்களில் பலர் கூட வந்த மகனைத் திரும்பிப் பார்ப்பார்கள். மகன் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆண்களின் சிநேகிதம் பெரும்பாலும் வேலையோடு வந்தது, வேலையோடு போய்விடும். மலையில் இது இன்னும் வேகம். முட்டி வலி வந்தவரை வீட்டோடு முடக்க, டீக்கடைக்கு இறங்கும் படிகளே போதும். ஜூனில் பிடிக்கிற மழை, அப்புறம் ஐப்பசி மழை, அப்புறம் பனி.

இதையும் மீறி அமைந்த ஒரு ஜோடியைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஒருவர் படுகர், ஹட்டியில் (படுகர் ஊர்) கொஞ்சம் தேயிலை வைத்திருப்பவர்; கவுடர் என்று கூப்பிடுவார்கள். மற்றவர் சிலோன்காரர்; இலங்கைத் தோட்டத் தமிழர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கண்டிப் பக்கமிருந்து வந்து, இங்கே தேயிலை ஃபேக்டரியில் உழைத்து ஓய்ந்தவர். இத்தனை வருடம் ஒரே பஸ்ஸில் போய் வந்தும் பேசிக்கொண்டதில்லை. நிலம் உள்ளவருக்கும் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடு) இருப்பவருக்கும் அந்தக் காலத்தில் அவ்வளவுதான் உறவு. என் கிளினிக் பெஞ்சில்தான் பழகினார்கள். இருவருக்கும் காது மந்தம். ஒருவருக்கு மெஷின் சத்தத்தில் போனது, மற்றவருக்கு வயதில். "கவுடரே, பச்சத்தேயிலை என்ன வெலை?" என்றால் வெளியே நிற்கும் ஆட்டோக்காரரே பதில் சொல்லலாம்.

வயதில் முதலில் கேட்காமல் போவது கீச்சு ஒலிகள். குரல் காதில் விழும், சொல் பிடிபடாது. வீட்டில் "வேணும்னே கேக்காத மாதிரி இருக்கார்" என்பார்கள். மனிதர் மெல்லப் பேச்சையே விட்டுவிடுவார். லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையத்தின் 2024 அறிக்கை, மறதி நோய்க்கான அபாயங்களில் நம்மால் மாற்றக்கூடியவை என்று 14-ஐச் சொல்கிறது. காது மந்தமும் தனிமையும் அதில் உண்டு. கத்திப் பேச ஆள் கிடைத்துவிட்டது என்று காதை அப்படியே விடுவதும் சரியல்ல. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள முதியவர்களுக்கு ஹியரிங் எய்ட், கண்ணாடி, கைத்தடி தர 2017 முதல் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா என்ற மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது.

ஒருநாள் கவுடருக்குக் கால் வீக்கம், எழுந்தால் கிறுகிறுப்பு. உட்கார வைத்தும் நிற்க வைத்தும் பிரஷர் பார்த்தேன். நின்றதும் மேல் அளவு 20-க்கு மேல் இறங்கியது. சிலோன்காரர் தன் சட்டைப் பையிலிருந்து கவுடரின் இரண்டு மாத்திரை அட்டைகளை எடுத்து மேஜையில் வைத்தார். "பேரு வேற டாக்டர். கீழ இருக்கற சின்ன எழுத்து ரெண்டுலயும் ஒண்ணுதான்." இரண்டும் அம்லோடிபின் என்ற ஒரே பிரஷர் மாத்திரை; இரட்டிப்பாகப் போனால் கால் வீங்கும், கிறுகிறுக்கும். ஒன்று அரசு ஆஸ்பத்திரியில் வாங்கியது, ஒன்று மெடிக்கலில். சிலோன்காரருக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. ஃபேக்டரியில் டீப் பெட்டி மேல் பி.ஓ.பி. என்று தேயிலை ரகத்தின் முத்திரை குத்திய பழக்கம், எழுத்தை எழுத்தாக வைத்து ஒப்பிட்டிருக்கிறார். கூட இருக்கும் மகன் பார்க்காதது இது.

இருவரும் சேர்ந்து சர்க்கரை போட்டு டீ குடிப்பது எனக்குத் தெரியும். ஒரு டீ என்றால் கண்டுகொள்வதில்லை. பீடிக்கு மட்டும் திட்டு உண்டு.

கவுடரின் மகனிடம் சிலோன்காரர் நம்பர் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. அங்கேயே பதியச் சொன்னேன். நீங்களும் உங்கள் அப்பாவின் கூட்டாளி நம்பரை வாங்கி வையுங்கள், உங்கள் நம்பரையும் அவருக்குக் கொடுங்கள். அப்படி ஒருவரும் இல்லை என்றால், முதியோர் உதவி எண் 14567. காலை 8 முதல் இரவு 8 வரை எடுப்பார்கள், கட்டணம் கிடையாது.