இறுக்கினால் ஆட்டம் அடங்காது

"கேபிள் ஆடுகிறது சார், இன்னும் கொஞ்சம் இறுக்கிவிடலாமா?" மின்பாதையோ பாலமோ, ஆய்வுக்குப் போகும் இடங்களில் பெரும்பாலும் இந்தக் கேள்விதான் முதலில் வரும்.

இழுவிசையை 4 மடங்காக்கினால் அதிர்வெண் 2 மடங்காகும், அவ்வளவுதான். உள்ளே புகுந்த ஆற்றல் வெளியேற வழி பிறக்காது. முறுக்குக் கம்பியில் இழைகள் ஒன்றோடொன்று உரசுவதால் கிடைக்கும் கொஞ்சநஞ்சத் தணிப்பும் இறுக்க இறுக்கக் குறைந்துவிடும்.

மின்பாதைக் கம்பிகளுக்குப் புயலைவிட மெல்லிய, சீரான காற்றுதான் நாள்பட்ட எதிரி. 30 மி.மீ. தடிமனுள்ள கம்பியில் விநாடிக்கு 3 மீட்டர் வேகக் காற்று பட்டால், பின்னால் சுழல்கள் பிரிந்து விநாடிக்குச் சுமார் 20 தடவை அதை மேலும் கீழும் தள்ளும். மணிக்கு 72,000 தடவை! வீச்சு கம்பியின் தடிமனைத் தாண்டாது என்பதால் கீழே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. கிளாம்ப் மறைக்கும் இடத்தில்தான் இழைகள் ஒவ்வொன்றாக அறும். கிளாம்ப் ஓரத்தில் கறுப்புத் தூள் தெரிந்தால் அலுமினியம் உரசித் தேய்கிறது என்று பொருள்; திறந்து பார்த்துவிடுங்கள். இதற்காகத்தான் 1920களில் அமெரிக்கப் பொறியாளர் ஜார்ஜ் ஸ்டாக்பிரிட்ஜ், சிறு எஃகு வடத்தின் இரு முனையிலும் எடைக்குண்டு கோத்த டேம்பரை, அதாவது அதிர்வுத் தணிப்பானை, உருவாக்கினார். குண்டுகள் ஆட, வடம் வளைந்து உரச, ஆற்றல் வெப்பமாகப் போய்விடும்.

பாலத்தின் சாய்கேபிள்களில் மழையும் சேர்ந்துகொள்ளும். உறையின் மேல்புறம் வழியும் நீர்க்கோடு காற்றோட்டத்தையே மாற்றிவிடும். உறையில் திருகுசுற்றாக ஓடும் மெல்லிய வரம்பு அந்தக் கோட்டைக் கலைப்பதற்கானது, அழகுக்கு அல்ல. அப்புறம், கேபிளின் முனையைப் பிணைக்கும் நங்கூரத்துக்குப் பக்கத்தில் வைக்கும் டேம்பர்; உருளைக்குள் பிஸ்டன் நகர்ந்து ஆற்றலை உறிஞ்சும் வகை. 100 மீட்டர் கேபிளில் 2 மீட்டர் தள்ளி வைத்தால், எவ்வளவு சரியாக அமைத்தாலும் தணிப்பு விகிதம் (ஆட்டம் எவ்வளவு வேகமாக அடங்கும் என்பதன் அளவு) சுமார் 1 சதவீதம்தான், அதாவது தூர விகிதத்தில் பாதி. அற்பமாகத் தோன்றும். ஆனால் டேம்பர் இல்லாதபோது 0.1 சதவீதம் என்றால், ஆட்டம் பாதியாகக் குறைய 110 சுற்று வேண்டும். இப்போது 11 போதும்.

டேம்பர் மிக மென்மையாக இருந்தால் ஒன்றும் செய்யாது, சரி. மிகக் கெட்டியாக இருந்தாலும் அதே கதைதான் என்பதைத்தான் பலர் நம்ப மறுக்கிறார்கள். நகராத டேம்பர் இன்னொரு தாங்கியாகிவிடும். மிச்சமுள்ள 98 மீட்டர் கேபிள் பழையபடி ஆடிக்கொண்டிருக்கும்.

பாலத்தின் தளத்தைத் தாங்கும் குட்டையான, தடித்த தொங்கு தண்டுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. அவை பாதி கம்பி, பாதி உத்தரம். வளைவு விறைப்பை, அதாவது வளைய மறுக்கும் தன்மையை, கணக்கில் எடுக்காமல் அதிர்வெண்ணை மட்டும் அளந்து இழுவிசை கண்டால், உள்ளதைவிடக் கூடுதலாகத்தான் காட்டும்.

ஒருமுறை ஒரு பாலத்தில், டேம்பர்கள் போட்டும் கேபிள்கள் ஆடுவதாகக் கூப்பிட்டார்கள். பராமரிப்பில் குறையே சொல்ல முடியாது, புத்தம்புது பெயின்ட். பிஸ்டன் தண்டுக்கும் சேர்த்தே பூசியிருந்தார்கள். தண்டும் உருளையும் சேரும் இடத்தில்கூட அந்தப் பூச்சில் ஒரு கீறல் இல்லை.