கருத்து நிற்கிறது, சொன்னவர் மறைகிறார்

1891-ஆம் ஆண்டு, பார்வையும் செவிப்புலனும் இல்லாத 11 வயதுச் சிறுமியாக இருந்த ஹெலன் கெல்லர் உறைபனியைப் பற்றி ஒரு கதை எழுதி, பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியின் இயக்குநர் மைக்கேல் அனாக்னோசுக்குப் பிறந்தநாள் பரிசாக அனுப்பினார். கதை அச்சிலும் வந்தது. பிறகுதான், மார்கரெட் கேன்பி என்னும் எழுத்தாளர் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே வெளியிட்ட கதையோடு அது கருவிலும் சொற்களிலும் ஒத்திருப்பது தெரியவந்தது. பள்ளியில் ஒரு குழு அமர்ந்து அந்தச் சிறுமியை விசாரித்தது. கேன்பியின் கதையை யாரோ சில ஆண்டுகளுக்கு முன் ஹெலனுடைய உள்ளங்கையில் விரலால் எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். கதை மனத்தில் தங்கிவிட்டது. அது பிறருடையது என்ற செய்தி மட்டும் தங்கவில்லை. அதன் பிறகு நெடுங்காலம், எழுதும் ஒவ்வொரு வரியும் தன்னுடையதுதானா என்ற அச்சம் தன்னை வாட்டியதாக அவரே தம் தன்வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார்.

கல்லூரிகளில் கருத்துத் திருட்டு என்று பிடிபடும் கட்டுரைகள் எல்லாம் இவ்வகையைச் சேர்ந்தவை அல்ல. வேண்டுமென்றே காப்பி அடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நேர்மையாக எழுத விரும்பும் மாணவரையும் இதே குற்றத்தில் கொண்டுபோய் நிறுத்தும் வழி ஒன்று நம் நினைவாற்றலின் அமைப்பிலேயே இருக்கிறது. “காப்பி அடிக்காதே” என்ற எச்சரிக்கையைவிட, அந்த வழி எப்படித் திறக்கிறது என்ற விளக்கம் மாணவர்களுக்கு அதிகம் உதவும் என்பது என் உறுதியான எண்ணம்.

மூளை ஒரு செய்தியைச் சேமிக்கும்போது “இது இன்ன நூலின் இன்ன பக்கத்தில் படித்தது” என்று சீட்டு ஒட்டி வைப்பதில்லை. உளவியலாளர் மார்சியா ஜான்சனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1993-இல் விளக்கியபடி, ஒரு நினைவு எங்கிருந்து வந்தது என்பதை நாம் பெரும்பாலும் அதை நினைவுகூரும் நேரத்தில்தான் ஊகிக்கிறோம். காட்சியும் குரலும் இடமும் அந்த நினைவோடு சேர்ந்து வந்தால், அது வெளியிலிருந்து வந்தது என்று தீர்மானிக்கிறோம். யோசித்து உழைத்த தடம் அதில் இருந்தால், நம்முடையது என்று கொள்கிறோம். அவசரத்தில் இந்தத் தீர்மானம் பிசகிவிடுகிறது.

ஆலன் பிரவுன், டானா மர்ஃபி இருவரும் 1989-இல் இதைச் சோதித்தார்கள். சிறு குழுக்களாக அமர்ந்தவர்கள், கொடுக்கப்பட்ட ஒரு வகையைச் சேர்ந்த பெயர்களை, முன்னர் சொன்னது திரும்ப வராமல், முறை வைத்துச் சொல்ல வேண்டும். பிறகு ஒவ்வொருவரும் தாம் சொன்னவற்றைத் தனியே நினைவுகூர வேண்டும். இதுவரை எவரும் சொல்லாத புதிய பெயர்களையும் தர வேண்டும். ஏமாற்றுவதால் எந்த லாபமும் இல்லாத இந்தச் சோதனையில்கூட, விடைகளில் 3 முதல் 9 சதவீதம் வரை பிறர் சொன்னவையாக இருந்தன.

இதைவிட நம்மை யோசிக்க வைக்கும் முடிவு 2005-இல் வந்தது. லூயிசா-ஜேன் ஸ்டார்க்கும் உடன் ஆய்வாளர்களும், பிறர் சொன்ன யோசனைகளில் சிலவற்றை மனக்கண்ணில் காணும்படியும், வேறு சிலவற்றை மேம்படுத்தும் வழிகளைச் சிந்திக்கும்படியும் பங்கேற்றவர்களிடம் கேட்டார்கள். பின்னர் சொந்த யோசனைகளைக் கேட்டபோது, வெறுமனே கற்பனை செய்தவற்றைவிட, மேம்படுத்த முயன்ற பிறர் யோசனைகளையே அவர்கள் தம்முடையவை என்று அதிகம் சொன்னார்கள். ஒரு கருத்தோடு நாம் எவ்வளவு உழைக்கிறோமோ அவ்வளவுக்கு அது நம் மனத்தில் நம் கருத்தாக மாறுகிறது. மேலோட்டமாகப் படிப்பவரைவிட ஆழ்ந்து படிக்கும் மாணவருக்கே இந்த ஆபத்து நெருக்கமானது என்பது வருத்தத்துக்குரியது; அதனால்தான் இதை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது.

சொற்களின் கதை வேறு. ஜாக்குலின் சாக்ஸ் 1967-இல் வெளியிட்ட ஆய்வில், கேட்ட வாக்கியத்துக்குப் பிறகு ஏறத்தாழ 80 அசைகள் அளவுக்கு, அதாவது அரை நிமிடத்துக்கும் சற்றுக் குறைவாக, வேறு பேச்சு கடந்துவிட்டால், வாக்கியத்தின் அமைப்பில் செய்யப்பட்ட மாற்றத்தைக் கேட்டவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. பொருளில் செய்த மாற்றத்தை மட்டும் எளிதில் கண்டுபிடித்தார்கள். முதலில் சொல்லமைப்பு மறைகிறது, பொருள் தங்குகிறது. இந்த மறதியை மாணவர் தமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம்.

ஒரு நூலில் இப்படி ஒரு வாக்கியம் இருப்பதாகக் கொள்வோம்: “வறண்ட நிலத் தாவரங்களின் இலைகள் மெழுகுப் பூச்சும் குறைந்த பரப்பும் கொண்டிருப்பதால், அவை கடும் வெயிலிலும் மிகக் குறைந்த நீரையே ஆவியாக இழக்கின்றன.” நூலைத் திறந்துவைத்துக்கொண்டு எழுதும் மாணவி இதை இப்படி மாற்றுகிறார்: “பாலைநிலச் செடிகளின் இலைகள் மெழுகுப் படலமும் சிறிய பரப்பளவும் கொண்டுள்ளதால், அவை கொடும் வெப்பத்திலும் மிகச் சிறிதளவு நீரையே ஆவியாக இழக்கின்றன.” சொற்கள் மாறியிருக்கின்றன, எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. இதைச் செய்பவர் பெரும்பாலும் ஏமாற்ற நினைப்பதில்லை. பாடம் புதிது, கண்ணெதிரே முழுமையான வாக்கியம் நிற்கிறது, அதை மீறி வேறொரு வாக்கியம் மனத்தில் உருவாவதில்லை, அவ்வளவுதான். அதே மாணவி நூலை மூடி, சற்று நேரம் வேறொன்றைப் பார்த்துவிட்டு எழுதினால், “வெயில் சுடும் நிலத்தில் நீரைக் காப்பதுதான் இலையின் முதல் வேலை; மெழுகும் சிறிய உருவமும் அதற்குத்தான்” என்பது போல ஒன்று வரும். எதுவும் வரவில்லை என்றால், பகுதி இன்னும் புரியவில்லை என்று பொருள். மீண்டும் படிக்க வேண்டும்.

ஆனால் நூலை மூடும் அதே கணத்தில்தான் முதலில் சொன்ன ஆபத்தும் தொடங்குகிறது. சொற்களோடு சேர்ந்து, சொன்னவரும் மறையத் தொடங்குகிறார். ஆகவே நூலின் பெயர், ஆசிரியர், பக்க எண் ஆகிய மூன்றையும் நூலை மூடுவதற்கு முன்பே, குறிப்பின் முதல் வரியாக எழுதிவிட வேண்டும். “கட்டுரை முடிந்ததும் மேற்கோள்களைச் சேர்த்துக்கொள்ளலாம்” என்று தள்ளிப்போடுவது, மூளையால் செய்ய இயலாத வேலையை அதனிடம் ஒப்படைப்பதாகும். உரையாடல் மென்பொருளிடம் கேட்டுப் பெற்ற கருத்துக்கும் இது பொருந்தும். அது தரும் நூற்பெயர்கள் சில நேரம் இல்லாத நூல்களுடையவையாக இருப்பதால், மூலத்தைக் கண்ணால் பார்த்த பிறகே எழுத வேண்டும்.

கட்டுரையைப் பிற ஆவணங்களோடு ஒப்பிட்டுத் திருட்டைத் தேடும் மென்பொருள், மூலத்தைச் சரிபார்க்கும் வேலையைச் செய்துவிடும் என்று நம்புவதும் தவறு. 1994 முதல் கணினி நிரல்களை ஒப்பிடப் பயன்பட்டுவரும் மாஸ் என்னும் கருவியின் வழிமுறை 2003-இல் விளக்கப்பட்டது. அது உரையை ஒன்றன்மேல் ஒன்று படியும் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டையும் ஓர் எண்ணாக மாற்றி, அவற்றில் சிலவற்றைக் கைரேகை போலத் தேர்ந்தெடுத்து, வேறு ஆவணங்களின் ரேகைகளோடு பொருத்திப் பார்க்கிறது. இத்தகைய முறை கண்டுபிடிப்பது எழுத்துச் சரங்களின் ஒற்றுமையைத்தான். முறையாகக் குறியிட்ட மேற்கோளையும் அது எண்ணிக்கையில் சேர்க்கலாம். முழுவதும் வேறு சொற்களில் எடுத்தாளப்பட்ட கருத்தைக் காணாமலும் விடலாம். இத்தகைய மென்பொருள் தரும் அறிக்கையில் ஒற்றுமைச் சதவீதம் குறைவாக இருப்பது கட்டுரை நேர்மையானது என்பதற்குச் சான்றாகாது.

நம்பிக்கை தரும் செய்தியும் ஆய்வுகளில் இருக்கிறது. ரிச்சர்ட் மார்ஷும் உடன் ஆய்வாளர்களும் 1997-இல் காட்டியபடி, யோசனைகளை எழுதும் நேரத்திலேயே “இது எங்கிருந்து வந்தது?” என்று கவனமாகப் பார்க்கச் சொன்னபோது அறியாமல் நிகழும் திருட்டு குறைந்தது. கவனம் வேறு வேலையில் சிதறியிருந்தபோது அது கூடியதாக 1999-இல் வேறோர் ஆய்வு கண்டது. கெடுவுக்கு முந்தைய இரவில் நான்கு பாடங்களின் கட்டுரைகளை ஒருசேர எழுதும் மாணவரின் நிலை அந்தச் சிதறிய நிலைதான். ஒரே பெரிய கட்டுரைக்குப் பதிலாகக் குறிப்புகள், வரைவு, இறுதி வடிவம் என்று தனித்தனி நாள்களில் கேட்டு வாங்கும் ஆசிரியர், மூலத்தைச் சரிபார்ப்பதற்கான அந்தச் சில நிமிடங்களை மாணவருக்கு மீட்டுத் தருகிறார். குறிப்பேட்டில், நூலிலிருந்து அப்படியே எடுத்த வரிகளை மேற்கோள் குறிக்குள்ளும், சொந்தச் சொற்களில் சுருக்கியவற்றைப் பக்க எண்ணோடும், தமக்கே தோன்றியவற்றை வேறு நிற மையிலும் எழுதும் மாணவர், மூன்று வாரம் கழித்துத் திறந்தாலும் எது யாருடையது என்று ஊகிக்க வேண்டியிராது.