பெருகாத நஞ்சுக்குப் ‘பெருக்கம்’ என்று பெயரா?

‘உயிரியல் உருப்பெருக்கம்.’ பறவைகளின் உடலில் பூச்சிக்கொல்லி சேர்வதைப் பற்றி யார் எழுதினாலும் இந்தத் தொடர் முன்னால் வந்து நிற்கிறது. தேர்வு வழிகாட்டிகளிலும் சுற்றுச்சூழல் நாள் கட்டுரைகளிலும் மேடைப் பேச்சுகளிலும் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. பயோமேக்னிஃபிகேஷன் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இது நிகராம். ஆங்கிலம் அறியாத ஒருவரிடம் இதைச் சொன்னால் அவர் நுண்ணோக்கியை நினைப்பார். இல்லையென்றால் ஏதோ ஓர் உயிரினம் உருவத்தில் பருத்துவிட்டது என்று எண்ணுவார். நாம் சொல்ல வந்த நஞ்சு அவர் நினைவுக்கே வராது.

மூலச் சொல்லின் கதை எளிது. ‘பயோ’ கிரேக்கம், உயிர். ‘மேக்னஸ்’ லத்தீன், பெரியது. பாதி கிரேக்கமும் பாதி லத்தீனுமாக ஒட்டவைத்த சொல். ஆங்கிலத்திலேயே அது சரியான பெயர் என்று சொல்ல முடியாது. ஆனால் அங்கே பழகிவிட்டது. நாம் ஏன் அந்தக் குறையையும் சேர்த்து இறக்குமதி செய்ய வேண்டும்?

அந்தப் பெயர் எதைக் குறிக்கிறது என்று பார்ப்போம். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் கிளியர் லேக் என்று ஓர் ஏரி. அங்கே கொசுவைப் போன்ற, ஆனால் கடிக்காத ஒரு சிறு பூச்சி மனிதர்களுக்குத் தொல்லையாக இருந்தது. அதை ஒழிக்க 1949, 1954, 1957 ஆகிய ஆண்டுகளில் டி.டி.டி.யின் நெருங்கிய உறவான ஒரு பூச்சிக்கொல்லியை ஏரியில் கலந்தார்கள். (அந்த உறவின் சுருக்கப் பெயரும் தமிழில் எழுதினால் டி.டி.டி. என்றுதான் வரும். நம் எழுத்தில் இரண்டையும் பிரித்துக் காட்ட வழியில்லை.) பிந்தைய இரு முறையும் கலந்த அளவு ஐந்து கோடிப் பங்கு நீருக்கு ஒரு பங்கு. அதாவது பத்து லட்சத்தில் 0.02 பங்கு. பிறகு முக்குளிப்பான் இனத்தைச் சேர்ந்த பறவைகள் செத்து மிதந்தன. அவற்றின் கொழுப்பைச் சோதித்தபோது பத்து லட்சத்தில் 1,600 பங்கு நஞ்சு இருந்தது. நீரில் இருந்ததைப் போல் 80,000 மடங்கு. மிதவையுயிரிகளைச் சிறு மீன் தின்றது, சிறு மீனைப் பெரிய மீன் தின்றது, மீன்களைப் பறவை தின்றது. அவ்வளவுதான் நடந்தது.

இதில் ‘பெருகியது’ எது? ஒரு சிறு கணக்குப் போடலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஆயிரம் கிலோ மிதவையுயிரிகளில் ஒரு கிராம் நஞ்சு இருக்கிறது. அவை அத்தனையையும் தின்று நூறு கிலோ சிறு மீன் வளர்கிறது. நஞ்சில் கொஞ்சம் கழிவோடு வெளியேறி 0.7 கிராம் மீனில் தங்குகிறது. அந்த நூறு கிலோ மீனையும் தின்று பத்துக் கிலோ பெரிய மீன் வளர்கிறது; அதில் தங்குவது 0.5 கிராம். இப்போது பாருங்கள். நஞ்சின் மொத்த அளவு பாதியாகிவிட்டது. ஆனால் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் என்று இருந்தது ஐம்பது மில்லிகிராம் ஆகிவிட்டது. உண்ட உணவின் பெரும்பகுதி மூச்சாகவும் கழிவாகவும் போய்விடுகிறது. சிதையாத நஞ்சு மட்டும் போக மறுக்கிறது. தூத்துக்குடி உப்பளத்தில் பாத்தி நீர் வற்ற வற்ற உப்பு செறிவதைப் போன்றது இது. உப்பளத் தொழிலாளர் யாரும் ‘உப்பு பெருகியது’ என்று சொல்வதில்லை.

ஆகவே ‘பெருக்கம்’ என்பது சுவைக்குறைவான மொழிபெயர்ப்பு என்பதோடு நிற்கவில்லை. அது பொய்யான தகவல். சில பேர் ‘உரு’வை மட்டும் கழற்றிவிட்டு ‘உயிரிப்பெருக்கம்’ என்று எழுதுகிறார்கள். அது இன்னும் மோசம். மக்கள்தொகைப் பெருக்கம், எலிப் பெருக்கம் என்ற வரிசையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. கிளியர் லேக்கில் ஆயிரம் இணைகளாக இருந்த முக்குளிப்பான்கள் முப்பது இணைகளாகச் சுருங்கிய நிகழ்வுக்கு ‘உயிரிப்பெருக்கம்’ என்று பெயர் வைப்பதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

முன்னால் நிற்கும் ‘உயிரியல்’ மட்டும் என்ன வாழ்கிறது? உயிரியல் என்பது ஒரு படிப்பின் பெயர். ஆங்கிலச் சொல் ‘பயோ’ என்று தொடங்கினால் கண்ணை மூடிக்கொண்டு ‘உயிரியல்’ என்று போடுவது வழக்கமாகிவிட்டது. நல்லவேளையாக உயிரி உரமும் உயிரி எரிபொருளும் தப்பித்துக்கொண்டன. இதே கூட்டம்தான் ‘வனவிலங்கு’ என்று எழுதிவிட்டு அதற்குள் பறவை, பாம்பு, வண்ணத்துப்பூச்சி எல்லாவற்றையும் அடைக்கிறது; ‘காட்டுயிர்’ என்ற அருமையான சொல் இருந்தும் அதைப் பயன்படுத்தக் கை வரவில்லை.

சரி, மாற்று என்ன? ‘நஞ்சேற்றம்’ என்று தனித்தமிழ் அன்பர்கள் சொல்வதுண்டு. ஓசை நன்றாக இருக்கிறது. ஆனால் குளுக்கோஸ் ஏற்றுவதைப் போல் யாரோ நஞ்சை ஏற்றுகிறார்கள் என்ற பொருளும் வருகிறது. தவிர, படிப்படியாகச் செறிவது நஞ்சு மட்டும் இல்லை. நைட்ரஜன்-15 என்ற கனமான ஓரிடத்தான் (ஐசோடோப், அதாவது அதே தனிமத்தின் எடை மாறிய அணு வகை) உணவுச் சங்கிலியில் மேலே போகப் போகக் கூடுகிறது. ஒரு விலங்கு சங்கிலியின் எந்தப் படியில் இருக்கிறது என்பதை ஆய்வாளர்கள் அதை அளந்துதான் கண்டுபிடிக்கிறார்கள். ‘கொழுப்புச் செறிவு’ என்று இன்னொரு யோசனை. டி.டி.டி.க்கு அது பொருந்தும். ஜப்பானின் மினமாட்டாவில் மனிதர்களையும் பூனைகளையும் முடக்கிய மெத்தில் பாதரசத்துக்குப் பொருந்தாது. அது புரதத்தோடு ஒட்டிக்கொண்டு தசையில் தங்குவது.

நான் பயன்படுத்துவது ‘உணவுவழிச் செறிவேற்றம்’. செறிவு பழைய சொல். ‘முந்து கிளவாச் செறிவு’ என்று குறள் அதை அடக்கம் என்ற பொருளில் வைத்திருக்கிறது; வேதியியல் வகுப்பில் அது கரைசலில் கரைந்திருக்கும் பொருளின் விகிதமானது; இரண்டிலும் நெருங்கிக் கட்டுப்பட்டு நிற்பது என்ற அடிப்படை இருக்கிறது. ‘ஏற்றம்’ விலையேற்றத்தில் வருவது; யாரும் ஏற்றாமல் தானே ஏறுவது. ‘செறிவூட்டல்’ என்று மட்டும் மாற்றிவிடாதீர்கள். அது ரேஷன் கடை அரிசிக்கும் யுரேனியத்துக்கும் போய்விட்டது. ஊட்ட ஓர் ஆள் வேண்டும்.

‘உணவுவழி’ ஏன்? அங்கேதான் இந்தச் சொல்லின் உயிர் இருக்கிறது. மீன் தன் செவுள் வழியாக நீரிலிருந்தே நஞ்சை இழுத்துக்கொள்வது வேறு நிகழ்வு; அதை ‘நீர்வழிச் செறிவு’ எனலாம். எந்த வழியில் வந்தாலும் ஓர் உயிரின் உடலில் ஆயுள் முழுக்கச் சேர்ந்துகொண்டே போவது ‘உடல் தேக்கம்’. மூன்றும் மூன்று. ‘உயிரியல்’ என்ற ஒரே பூச்சை மூன்றின் மேலும் அடித்துவிட்டு மாணவன் குழம்புகிறான் என்று குறை சொன்னால் எப்படி?

குழப்பம் தேர்வுத்தாளோடு முடிவதும் இல்லை. பாறு கழுகுகள் அழிந்ததற்கு ‘உயிரியல் உருப்பெருக்கம்’ காரணம் என்று எழுதுகிறார்கள். தவறு. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்துதான் அவற்றைக் கொன்றது என்பது 2004இல் தெரியவந்தது. 2006இல் இந்தியாவில் கால்நடைகளுக்கு அதைத் தரத் தடை வந்தது. அந்த மருந்து படிப்படியாகச் செறிவதில்லை. மருந்து ஏற்றிய சில நாட்களுக்குள் செத்த மாட்டை ஒருமுறை தின்றாலே போதும். பாறுவின் சிறுநீரகம் செயலிழந்து சில நாட்களில் அது இறந்துவிடும். தீர்வும் அதனால் வேறு. பாறுகளுக்கு ஊறு செய்யாத மெலாக்சிகாம் என்ற வலி மருந்தைக் கால்நடைகளுக்குக் கொடுக்கச் செய்வது நீலகிரியை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் பாறுகளுக்கு உடனே பயன்படும். டி.டி.டி.யோ தடை செய்த பிறகும் மண்ணிலும் சேற்றிலும் பல ஆண்டுகள் கிடக்கும். முட்டையின் ஓடு மெலிந்து பொரி வல்லூறுகள் குறைந்தது அப்படிப்பட்ட உண்மையான செறிவேற்றத்தால்.

‘உணவுவழிச் செறிவேற்றம்’ நீளமாக இருக்கிறது, தலைப்பில் அடங்காது என்பார்கள். முதல் தடவை முழுதாக எழுதிவிட்டுப் பிறகு ‘செறிவேற்றம்’ என்றால் போதும். இன்னொரு வசதியும் உண்டு. ஈயம் போன்ற சில உலோகங்கள் பல நீர்நிலைகளில் மேற்படிக்குப் போகப் போகக் குறைகின்றன; அதை ‘உணவுவழிச் செறிவிறக்கம்’ என்று தயங்காமல் சொல்லிவிடலாம். உருப்பெருக்கக்காரர்கள் அதற்கு ‘உயிரியல் உருச்சிறுக்கம்’ என்று எழுதட்டும்.