ஸ்டீரியோடாக்டிக் ரேடியோசர்ஜரி: கத்தி எடுக்காத அறுவைக்குத் தமிழில் என்ன பெயர்?

டாக்டரின் சீட்டில் இந்தப் பெயரைப் பார்த்ததும் வீட்டில் இரண்டு பயங்கள் சேர்ந்தே வரும். சர்ஜரி என்றால் மண்டையைத் திறப்பார்களோ? ரேடியோ என்றால் புற்றுநோயோ? வெளியிலிருந்து பல கதிர்களை மூளைக்குள் ஒரு புள்ளியில் குவிக்கும் இந்தச் சிகிச்சையில் மண்டையோட்டைத் திறப்பதே இல்லை. மூளைக்குப் பரவிய புற்றுக்கட்டிகளுக்கு இதைச் செய்வது உண்மைதான். ஆனால் செவிநரம்பில் வரும் சாதுவான கட்டி, தமனியும் சிரையும் முறைதவறிப் பின்னிக்கொண்ட ரத்தக்குழாய் முடிச்சு, முகத்தில் மின்னலடிப்பதுபோல வெட்டியிழுக்கும் முக்கிளை நரம்பு வலி ஆகியவற்றுக்கும் இதே சிகிச்சைதான். அவற்றில் புற்றுநோய்க்கு இடமே இல்லை.

முதலில் ஸ்டீரியோ. பாட்டுக் கேட்கிற ஸ்டீரியோவுக்கும் இதற்கும் வேர் ஒன்றே. கிரேக்கத்தில் ஸ்டீரியோஸ் என்றால் திண்மமானது, அதாவது நீளம், அகலம், உயரம் மூன்றும் உடையது. டாக்சிஸ் என்றால் ஒழுங்காக அமைத்தல். விக்டர் ஹார்ஸ்லி, ராபர்ட் கிளார்க் என்ற இருவர் லண்டனில் குரங்கின் சிறுமூளையை ஆராய்ந்தபோது, உள்ளே ஒரு குறிப்பிட்ட புள்ளிக்கு ஊசிமுனையைக் கொண்டுபோக ஓர் உலோகச் சட்டம் செய்தார்கள். 1908இல் அதைப் பற்றி எழுதியபோது ஸ்டீரியோடாக்சிக் என்றுதான் சொன்னார்கள். 1947இல் ஃபிலடெல்ஃபியாவில் ஸ்பீகலும் வைசிஸும் இந்த முறையை மனிதருக்குக் கொண்டுவந்தார்கள். அப்புறம் 1973இல் இத்துறையின் உலகச் சங்கம் டாக்சிக்கை விட்டுவிட்டு டாக்டிக் என்பதை எடுத்துக்கொண்டது. இதற்குத் தொடுதல் என்ற பொருளுள்ள லத்தீன் வேரைக் காட்டுகிறார்கள். முன்பாதி கிரேக்கம், பின்பாதி லத்தீன் என்று ஆனது. கலப்புச் சொல் என்று தமிழை மட்டும் குறைசொல்கிறவர்கள் இதையும் கவனிக்கலாம்.

ரேடியோவின் மூலம் ரேடியஸ் என்ற லத்தீன் சொல். சக்கரத்தின் ஆரக்காலுக்கும் ஒளிக்கற்றைக்கும் அதுவே பெயர். நாம் கணக்கில் அதை ஆரம் என்கிறோம், இயற்பியலில் கதிர் என்கிறோம். கதிர் நன்றாக நிலைத்துவிட்ட சொல். அதில் கைவைக்க வேண்டாம்.

சிக்கல் சர்ஜரியில்தான். ஸ்வீடன் நாட்டு மூளை அறுவை மருத்துவர் லார்ஸ் லெக்செல் 1949இல் தனக்கென ஒரு தலைச்சட்டம் வடிவமைத்தார். அதில் ஊசிக்குப் பதிலாக எக்ஸ்ரே குழாயைப் பொருத்திப் பார்த்து, 1951இல் ரேடியோசர்ஜரி என்று பெயரிட்டார். பிறகு புரோட்டான் கற்றைகளையும் சோதித்தார். 1968இல் ஸ்டாக்ஹோமில் காமா நைஃப் என்ற கதிர்குவிக்கும் கருவி முதன்முதலாக இயங்கத் தொடங்கியது. அதில் கதிர்வீசும் கோபால்ட்-60 மூலங்கள் 179 இருந்தன. பின்னாளைய கருவி ஒன்றில் 192 மூலங்கள். ஒவ்வொரு கதிரும் தனியாக மிக வலுக்குறைந்தது, வரும் வழியில் உள்ள மூளையைப் பெரிதாகப் பாதிக்காது. எல்லாம் வந்து சந்திக்கிற அந்த ஒரு புள்ளியில்தான் வேலை நடக்கிறது. வழக்கமான கதிர்வீச்சில் நாளுக்கு 2 கிரே (உடல் ஏற்கும் கதிரை அளக்கும் அலகு) அளவில் வாரக்கணக்கில் கொடுப்பார்கள். இங்கே செவிநரம்புக் கட்டியின் விளிம்புக்கே ஒரே அமர்வில் 12, 13 கிரே போய்விடும்.

அன்று காலை நடப்பதைப் பார்த்தால் சர்ஜரி என்ற பெயரின் நியாயம் புரியும். தோலை மரத்துப்போகச் செய்து, நான்கு திருகுகளால் சட்டத்தைத் தலையில் இறுக்குவார்கள். தலைமுடியை மழிக்கத் தேவையில்லை. சட்டத்தின்மேல் அடையாளக் கோடுகள் உள்ள ஒரு பெட்டியை மாட்டி எம்ஆர்ஐ எடுத்தால், மூளையின் எந்த இடத்தையும் மூன்று எண்களில் மில்லிமீட்டர் கணக்கில் சொல்லிவிடலாம். இப்போது சில கருவிகளில் சட்டத்துக்குப் பதில் முகமூடியே போதும். எப்படியானாலும் இலக்கைக் குறித்து அதை மட்டும் அழிப்பது கத்தி பிடிப்பவரின் மனப்பாங்கு. அதனால்தான் லெக்செலுக்கு அது சர்ஜரி. தவிர, சர்ஜரியின் கிரேக்க மூலமான கெய்ரூர்கியாவுக்குக் கைவேலை என்றுதான் பொருள். அதில் வெட்டு என்ற கருத்தே கிடையாது.

நம் சொல்லில் அது இருக்கிறது. அறுவை என்றால் அறுப்பதுதான். இலங்கைத் தமிழர் சொல்லும் சத்திரசிகிச்சையிலும் சத்திரம் என்பது வடமொழியின் சஸ்திரம், வெட்டும் கருவி. ஆகவே கதிர் அறுவை என்று நேராக மொழிபெயர்த்தால், மூலத்தில் இல்லாத ஒரு கத்தியை நாமாகச் சொருகிவிடுகிறோம். பேச்சுவழக்கில் கரண்ட் வைப்பது என்கிறார்களே, அது இன்னும் மோசம். மனநோய்க்குக் கொடுக்கும் மின் அதிர்ச்சியோடு போய்க் குழம்பும்.

என் தேர்வு குறிக்கதிர் சிகிச்சை. குறி தவறாமல் அடித்தான் என்கிறோமே, அந்தக் குறி. நடுவே க் கட்டாயம் வேண்டும். குறிகதிர் என்று எழுதினால் வினைத்தொகையாகி, எதையோ குறிக்கின்ற கதிர் என்று பொருள் மாறிவிடும். முழுப்பெயர் தேவைப்படும் இடத்தில், ஒப்புதல் படிவம் போன்றவற்றில், முப்பரிமாணக் குறிக்கதிர் சிகிச்சை என்று எழுதலாம். ஒரே அமர்வில் முடிவதால் ஒருமுறை என்று முன்னே சேர்க்கலாமே என்று தோன்றும். ஆனால் இப்போதைய வரையறை ஐந்து அமர்வுகள் வரை இடம் தருகிறது, அது சரிவராது.

காமா நைஃப், சைபர் நைஃப் இரண்டும் வணிகப் பெயர்கள், அப்படியே எழுதிவிட்டுப் போகலாம். காமா கத்தி, சைபர் கத்தி என்று மொழிபெயர்ப்பதை மட்டும் விட்டுவிட வேண்டும். முதலாவது கோபால்ட் கதிர்களைக் குவிக்கும் கருவி. இரண்டாவது, லெக்செலிடம் பயின்ற ஜான் ஆட்லர் ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கியது. ரோபோக் கையில் பொருத்திய எக்ஸ்ரே கருவி அது, தலையில் திருகும் சட்டம்கூட இல்லாதது.